வாசித்துக் காட்டு, மார்கிட்

“ஏறு கூண்டுல,” என்றார் நீதிபதி ஸ்டென்சன்.

மதிய உணவு நேரம். அமெரிக்காவின் டுலூத் நகர மத்திய நீதிமன்ற அறையில் அவரையும் சுருக்கெழுத்தாளர் மார்கிட்டையும் தவிர ஈ, காக்கை இல்லை. இருபத்தாறு வருடமாகக் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து ஊரார் சாட்சியத்தைத் தட்டியவள், தன் சின்னச் சுருக்கெழுத்து இயந்திரத்தை மார்போடு அணைத்தபடி மேலே ஏறி உட்கார்ந்தாள்.

தலைமை நீதிபதிக்குப் போன மொட்டைக் கடிதத்தின் நகல் ஸ்டென்சன் கையில் இருந்தது. ‘இவருக்கு ஞாபகம் தப்புகிறது. இனியும் தீர்ப்புச் சொன்னால் அப்பாவி எவனாவது சிறைக்குப் போவான்.’

யாரும் லேசில் பறிக்க முடியாத ஆயுள் பதவி. அதற்கே உலை வைத்துவிட்டார்கள். கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அந்தக் கட்டடத்தில் பிழையில்லாமல் தட்டுகிறவள் ஒருத்திதான்.

“அனுப்பினது நீதானே?”

“ஆமாங்கய்யா.”

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

“கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே! உன் புருஷன் செத்தப்ப, பனியில மூணு மைல் நடந்து சாப்பாடு கொண்டாந்தவன் நான்.”

“மறக்கலைங்கய்யா.”

“ஏரிக்கரையில வீட்டுக்கு வழி தெரியாம ஒரு மணி நேரம் நின்னேன்னு கடிதத்துல எழுதியிருக்க. அங்க ஒரு குருவிகூட இல்ல! ஒளிஞ்சு நின்னு வேவு பாத்தியா?”

“நான் அந்தப் பக்கமே வரல.”

“பொய்! இத்தனை வருஷம் கள்ளியையா பக்கத்துல வெச்சிருந்தேன்?”

மார்கிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் பேச்சை நம்ப மாட்டீங்க. பதிவை வாசிக்கட்டுமா?”

அவரால் மறுக்க முடியவில்லை. ‘மனுஷன் வாய் மாறும், மார்கிட்டோட குறிப்பு மாறாது’ என்று வக்கீல்களிடம் ஆயிரம் முறை சொன்னவர் அவர்தான்.

“வாசி,” என்று உறுமினார்.

அவள் இயந்திரத்தைத் திறந்து தேதியைத் தேடினாள். எப்போதும்போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள்.

“மார்ச் மூணு. நீதிபதி ஸ்டென்சன் சொன்னது: ‘இந்தக் கடிதம் நான் சொல்லி நீ எழுதினதுன்னு எனக்கே என்னிக்கு மறந்துபோகுதோ, அன்னிக்கு அனுப்பிடு, மார்கிட். உன்னைத் திட்டுவேன், பொறுத்துக்கோ.’”