தெருமுனையில் ஒரு வாங்கு

"பூத்தொட்டிதான் வைக்கோணும். வாங்கு போட்டால் ஆக்கள் வந்து இருந்திடுவினம்!" என்றாள் மேரிறோஸ்.

"வாங்கு போடுறதே ஆக்கள் இருக்கத்தானே, அக்கா," என்றான் உதயன்.

அவனுடைய மளிகைக்கடையின் பின்னறையில்தான் குடியிருப்போர் குழுவின் சனிக்கிழமைக் கூட்டம். கறிவேப்பிலைப் பெட்டிகளுக்கு நடுவே நாலு நாற்காலி, நாலு பேர். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவின் முனையில் சும்மா கிடந்த துண்டு நிலத்துக்கு எது வேண்டும் என்று நகரசபை கேட்டிருந்தது. உட்கார ஒரு வாங்கா, இடத்தை அடைத்தாற்போல் பூத்தொட்டிகளா?

"பெஞ்சு கேட்டது நீங்கதானே சாந்தன்? ஏன்னு சொல்லுங்க," என்றார் குழுத் தலைவி தெரேஸ். புதுச்சேரிக்காரர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"வயசுபோன ஆக்கள் சாமான் தூக்கிக்கொண்டு வருகினம், மதாம். கொஞ்சம் இருந்து இளைப்பாற..." தரையைப் பார்த்தபடியே சொன்னான் சாந்தன்.

"வயசுபோன ஆக்களோ!" மேரிறோஸ் கெக்கலித்துச் சிரித்தாள். "அந்த மூலை என்ர நாலாம் மாடி ஜன்னலுக்கு நேர கீழை. ஆர் நிக்கினம் எண்டு என்னட்டைக் கேளுங்கோ. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு சோடி! மேல இருந்து பார்த்தால் அவவின்ர நீலச் சால்வையும் அவன்ர தொப்பியும்தான் தெரியும். மழை எண்டாலும் பனி எண்டாலும் ஒரே தெர்மோஸ் மூடியிலை மாறி மாறித் தேத்தண்ணி. அவ வெளிக்கிட்டால், தெரு முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நிப்பான்."

"படம் பார்க்கிற மாதிரி இருக்கு, அக்கா."

"ஓம், கள்ளப் படம்! கட்டினதுகளை வீட்டிலை விட்டிட்டு வந்து தெருவிலை கொஞ்சுதுகள். நிண்டே இவ்வளவெண்டால், நாங்கள் வாங்கும் போட்டுக் குடுக்கவோ?"

மேசைமேல் கிடந்த தன் தொப்பியைச் சாந்தன் மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வெளியே, பாலத்தின் மேல் மெட்ரோ ஒன்று போயிற்று. கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. அந்த அதிர்வுக்குள் அவனுக்கு அவள் தெரிந்தாள். நீலச் சால்வைக்குள் பாதி மறைந்த முகம். ஏலக்காய் மணக்கும் ஆவி. தேநீரை நீட்டும்போது உடனே விலகாமல் தங்கும் விரல்கள். அந்தக் கொஞ்ச நேரம் லா சப்பல் வட்டாரம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டதுபோல ஓசை அடங்கிவிடும். பழக்கடைக்காரர் வாய் அசைப்பார், குரல் வராது. ஒருநாளாவது அவள் அங்கே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு குடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. பூத்தொட்டிகள் வந்துவிட்டால் நிற்கவும் இடம் இருக்காது.

வீட்டையும் நினைத்துக்கொண்டான். பேக்கரி வேலைக்கு அவன் விடியுமுன் எழும்பும்போது மனைவி அனுஜா போர்வைக்குள் சுருண்டிருப்பாள். விளக்கைப் போடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறுவான். வீட்டில் இருவரும் முகம் பார்த்துச் சிரித்து எத்தனை காலம்!

"என்ன அண்ணை, முகம் வெளிறிப்போச்சு?" என்றான் உதயன்.

"ஒண்டுமில்லை."

"வுவாலா, சரி, கையைத் தூக்குங்க," என்றார் தெரேஸ். "நகரசபையில தெளிவாச் சொல்லிட்டாங்க. நாலு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் பெஞ்சு. ஒரு கை குறைஞ்சாலும் பூத்தொட்டி."

சாந்தனின் கை முதலில் எழுந்தது. பிறகு உதயனின் கை. தெரேஸ் சற்று யோசித்துவிட்டுத் தன் கையையும் தூக்கினார்.

மேரிறோஸ் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, தயவுசெய்து..." என்றான் சாந்தன்.

"ஏலாது. பாவம், அவன்ர மனுசியை ஆராவது நினைச்சுப் பார்த்தியளோ?"

சாந்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சட்டென்று எழுந்தான். "மன்னியுங்கோ மதாம், நேரம் போட்டுது." தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு கடையைக் கடந்து ஓடினான்.

மேரிறோஸ் வாயைப் பிளந்தாள். "இயேசுவே! அந்தத் தொப்பி! மதாம், எழும்புங்கோ. உதயன், நீயும் வா. கையோட பிடிச்சுத் தாறன்!"

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூவரும் தெருவோரம் நின்ற ஒரு வான் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். ஈரக் கல்பாதையில் கடைகளின் வெளிச்சம் கரைந்து ஓடியது. முனையில் நீலச் சால்வை. விமான நிலைய வேலைச் சட்டைக்கு மேல் அதைச் சுற்றிக்கொண்டு நின்றாள் அவள். அவன் ஓடி வருவதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததை உதயன்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தான்.

"வாங்கு கிடைக்காது போல கிடக்கு," என்றான் சாந்தன்.

"அதுக்கேன் இப்பிடி வாடிப்போறீங்கள்? நிண்டு குடிப்பம்."

ஒரு வாய் அவள், ஒரு வாய் அவன். அவன் கன்னத்தில் இருந்த மழைத்துளியைச் சால்வை நுனியால் துடைத்தாள். "பார்த்தீங்களோ, பார்த்தீங்களோ!" என்று தெரேஸின் கையைக் கிள்ளினாள் மேரிறோஸ்.

"ரயிலுக்கு நேரமாச்சு," என்றாள் சால்வைக்காரி. "பிள்ளையள் கீழ்வீட்டிலை விளையாடுகினம், கூட்டிக்கொண்டு போங்கோ. மீன்குழம்பு அடுப்பிலை இருக்கு. நான் வேலை முடிஞ்சு வர நீங்கள் நித்திரையாயிடுவீங்கள், கதவை உள்ளாலை பூட்டிப்போடாதேங்கோ."

"நான் வேலையால வர நீ வேலைக்கு வெளிக்கிடுறாய். வீட்டிலையும் ஒருநாள் நீ முழிச்சிருக்கிற நேரம் உன்னைக் காணவேணும், அனுஜா," என்றான் சாந்தன்.

வான் வண்டிக்குப் பின்னால், மேரிறோஸின் கை தூறலில் நனைந்தபடி மெல்ல மேலே எழுந்தது.