பானைக்குள் குப்பி

"ஆட்டைப் பட்டினி போட்டே கொல்லப் பாத்திருக்கீங்களேம்மா!"

கால்நடை டாக்டர் வளர்மதிக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. உடையார்பாளையத்திலிருந்து முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே, குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டியில் குலுங்கிக்கொண்டு வந்ததில் இடுப்பு வேறு வலித்தது.

நிறைசினை ஆடு தலையைத் தரையில் சாய்த்துக் கிடந்தது. பக்கத்தில் அம்சவள்ளி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பட்டினி போடலீங்க டாக்டரம்மா. குட்டி பெருத்துட்டா போடறப்ப செரமப்படுமேன்னு தீனிய பாதியா கொறைச்சேன். இங்க எல்லாரும் அப்படித்தாங்க செய்வாங்க."

"எல்லாரும் செய்யற தப்புதான். உள்ள ரெட்டைக் குட்டி. கடைசி மாசத்துல ரெண்டும் தாயோட சர்க்கரையை உறிஞ்சிடும். தீனியும் பத்தலைன்னா, உடம்பு தன்னோட கொழுப்பையே கரைக்கும். கரைஞ்ச கொழுப்பு ஈரலுக்குப் போயி கீட்டோனா மாறி ரத்தத்துல ஏறும். அளவுக்கு மிஞ்சினா விஷம். வாய்கிட்ட மோந்து பாருங்க."

அம்சவள்ளி குனிந்து முகர்ந்தாள். கனிந்து அழுகிய பழம் போல ஒரு இனிப்பு வாசனை.

"கவருமெண்டுல குடுத்த அஞ்சு ஆட்டுல மிஞ்சினது இது ஒண்ணுதாங்க. இதையும் நானே கொன்னுட்டேனா?"

"குளுக்கோஸ் ஏத்தறேன். அது மட்டும் பத்தாது. 'கொழுப்பைக் கரைக்காதே, நிறுத்து'ன்னு உடம்புக்குச் சொல்றது இன்சுலின்தான். அதையும் மூணு நாளைக்கு ஊசியா போடணும். மனுசங்களுக்குப் போடற அதே மருந்து. எங்ககிட்ட இருப்பு இல்ல. மெடிக்கல்ல போயி வாங்கிட்டு வரணும், ஒரு மணி நேரம் ஆகும்."

"அதுவரைக்கும் தாங்குங்களா?"

"இப்பவே போட்டா நல்லது."

அம்சவள்ளி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். வளர்மதியும் கை கழுவப் பின்னாலேயே போனாள்.

மூலையில் ஈர மணலுக்கு மேல் ஒரு மண்பானை. அதற்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தாள் அம்சவள்ளி. உள்ளே இன்சுலின் குப்பி. கால்வாசி மருந்து இருந்தது.

"ஃப்ரிட்ஜ் இல்லீங்க. பானையிலதான் வெக்கிறது."

"யாருக்குப் போடறது?"

அம்சவள்ளி கொஞ்சம் தயங்கினாள். "எங்க வூட்டுக்காரருக்குங்க."

"அப்ப அவருக்கு வேணாமா?"

"அவருக்கு இப்ப வேணாங்க."

வளர்மதி நிமிர்ந்தாள். பானைக்கு மேலே, சுவரில் மாலை போட்ட போட்டோ. அதில் எழுதியிருந்த மறைவுத் தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது. குப்பியின் மேல் ஆஸ்பத்திரியில் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்த தேதியோ போன மாசத்தது.

வளர்மதிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இலவச மருந்து. அதுவும் செத்துப்போனவர் பெயரில்!

"வெக்கமா இல்லையாம்மா? இது கெடைக்காம எத்தனை பேரு ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக் கெடக்கறாங்க தெரியுமா? செத்த மனுசன் பேரைச் சொல்லி வாங்கி பானைக்குள்ள பதுக்கி வெச்சிருக்கீங்க!"

அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடுங்க இப்படி. மூணு நாளைக்கும் இதையே போடறேன். ஒரு உசுராவது பொழைக்கட்டும்."

மறுநாளும் வளர்மதி வந்தாள். ஆட்டிடம் பேசினாள், அம்சவள்ளியிடம் பேசவில்லை. வெல்லத் தண்ணீரைக் காட்டி, "குடிக்க வைங்க" என்று சொன்னதோடு சரி.

மூன்றாம் நாள் காலை ஆடு எழுந்து நின்று சோளத்தட்டையை மென்றுகொண்டிருந்தது. மூத்திரத்தில் நனைத்த கீட்டோன் சோதனைக் குச்சியும் நிறம் மாறவில்லை. கடைசி ஊசியைப் போட்டதும் குப்பி காலியானது.

"பொழைச்சிடுச்சு. இனிமே தீனியக் கொறைக்காதீங்க."

"நல்லா இருப்பீங்க தாயி." கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்சவள்ளி, எழுந்திருக்காமலே கும்பிட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அடுத்த சொம்புக்குக் கையை நீட்டினாள்.

பையை மூடிய வளர்மதிக்கு மூக்கில் ஏதோ உறைத்தது. அதே அழுகிய பழ வாசனை.

பதறிப்போய் ஆட்டின் வாயருகே குனிந்தாள். தட்டை வாசனை மட்டும்தான் வந்தது.

மெல்லத் திரும்பினாள். அம்சவள்ளி வாயைத் திறந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. வளர்மதி அவள் முகத்தருகே மண்டியிட்டாள். வாசனை அங்கிருந்துதான் வந்தது.

வளர்மதி 108-க்குப் போன் போட்டு ஊர்ப் பெயரைக் கத்திச் சொன்னாள்.

"அம்மா... அந்த மருந்து உங்களோடதா? ஏம்மா சொல்லல? தெரிஞ்சிருந்தா நான் வாங்கிட்டு வந்திருப்பேனே!"

அம்சவள்ளி சிரிக்க முயன்றாள்.

"எனக்கு வர்ற திங்கக்கெழம ஆஸ்பத்திரியில குடுப்பாங்க டாக்டரம்மா. ஆட்டுக்கு இப்பவே போடணும்னு நீங்கதான சொன்னீங்க?"