மெர்லினின் பசி

நகருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. ஒருவரை நியமிக்கக் கொடையாளர்கள் மூவர் முன்வந்தார்கள். வழக்கப்படி, கொடுப்பதற்கு முன் அவர்கள் ஒரு மாணவியின் பசியை உணர்ந்து பார்க்க வேண்டும். மாணவியின் நெற்றியில் ஒரு பட்டை. அவர்கள் நெற்றியிலும் அதேபோல் பட்டைகள்; அவற்றின் வழியே அவள் பசி அவர்களுக்குள் இறங்கும்.

பட்டை கட்டிய மாணவி மெர்லின் முந்தைய இரவிலிருந்து எதுவும் உண்ணவில்லை. உணர்ந்து முடித்தவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை வசுமதி உடனே மெர்லினிடம் இட்லித் தட்டை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க மேடம்," என்றார் மூவரில் மூத்தவர். "பட்டையும் இருக்கட்டும். எங்க பிரியாணி வந்துடுச்சு."

வசுமதிக்கு விளங்கவில்லை.

"எங்களுக்கெல்லாம் பசியே எடுக்கறதில்ல மேடம்," என்று அருகிலிருந்த பெண்மணி சிரித்தார். "இந்தப் பசியோட சாப்பிட்டா ருசியே வேற. பாப்பா ஒரு வாய் போட்டாலும் எங்களுக்கு அடங்கிடும்."

வசுமதி தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர்கள் உண்டார்கள். மூத்தவர் மறுபடியும் கேட்டு வாங்கினார். எலும்பை உறிஞ்சும் ஓசை வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை கேட்டது. "அருமையான பொண்ணு," என்றார், வாயைத் துடைக்காமல்.

மெர்லின் மெல்லக் கேட்டாள்: "கணக்கு மிஸ் வந்துருவாங்கல்ல மிஸ்?"

"வந்துருவாங்கம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ. பிரெட் அல்வா மட்டும்தான் பாக்கி."