பால் பவுடர் டப்பா

2018 ஜூலை 9, திங்கள்.

இன்று ஒரு தவறு செய்தேன். குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க மறந்து நேராக டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்விட்டேன். ஞாபகம் வந்து மெடிக்கலுக்கு ஓடினால், டப்பா தீர்ந்துவிட்டது, நாளைக்குத்தான் வரும் என்றார்கள்.

பிரசவமானதிலிருந்து அண்ணி நூர்ஜகான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தொடவில்லை. மனச்சோர்வுக்கு டாக்டர் தந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் மெல்லச் சிரிக்கிறாள்.

"அந்த மருந்து பாலோட புள்ளைக்குப் போவும். மாத்திரைய நிறுத்து, இல்ல பால நிறுத்து" என்றான் அண்ணன் உமர் பாரூக்.

"பாலையே நிறுத்திடலாம்டா" என்று உடனே ஒத்துக்கொண்டது அம்மாதான். அண்ணி அழுதாள். எனக்கு அம்மாவிடம் பேசவே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா புட்டியோடு அண்ணியையும் குழந்தையையும் உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "பால் குடிக்கிற புள்ள மேல கண்ணு பட்டுடும்" என்பாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கெட்டியாக டீ போடுவாள். அண்ணன் இரண்டு டம்ளர் குடிப்பான். எனக்கு இறங்காது.

வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அழுகைச் சத்தமே இல்லை. பசியில் துவண்டுவிட்டதோ?

"இன்னாடி, டப்பா எங்க? உங்கண்ணன் வர்ற நேரமாச்சே!" என்றாள் அம்மா.

"அண்ணன் கெடக்கட்டும். பசியில இருக்கறது புள்ளதானே!" என்று உள்ளறைக் கதவைத் தள்ளினேன்.

அண்ணி சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டாள். மடியில் குழந்தை, வாயோரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, நீங்களா குடுத்தீங்க? மாத்திரை?"

"கத்தாதடி" என்று அம்மா கதவைச் சாத்தினாள். "டாக்டரம்மாகிட்ட கூடப் போனது நான்தான? இந்த மாத்திரை பாலுல போறது ரொம்பக் கம்மியாம். ரெண்டையும் நிறுத்தாத, புள்ள நல்லாக் குடிக்குதா, தூங்குதான்னு மட்டும் பாத்துக்கோன்னாங்க. உங்கண்ணன்கிட்ட சொன்னேன், காதுலயே வாங்கல."

"அப்ப இத்தினி நாளா நான் வாங்கினு வந்த பவுடரு?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு மறக்காம வாங்கினு வந்துடு, டீ தண்ணியா இருந்தா உங்கண்ணன் கண்டுபுடிச்சுடுவான்."