நான்கு விரல் இடுக்கு

மலாயாவில் கூலிம் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஆலைக் கழிவு எரியும் குழியைப் பொழுது சாய்ந்ததும் தகரத்தால் மூட வேண்டும். ஆகாயத்தில் வரும் எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரிந்தால் தலை போகும், ஜப்பான்காரன் உத்தரவு. தீப்பெட்டி கிடைக்காத காலம் என்பதால், நெருப்பு அணையாதிருக்க நான்கு விரல் இடுக்கு விட்டான் சடையன். சிப்பாய் அவனை அங்கேயே வெட்டி, குழிக்குள் உதைத்துத் தள்ளினான்.

மறுநாள் அந்த வேலை அவன் மச்சினன் அங்கப்பனுக்கு வந்தது. இரவு காற்றில் தகரம் விலகிச் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. சிப்பாயின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. அங்கப்பன் எட்டுவதற்குள், உள்ளிருந்து கரிந்த விரல்கள் நீண்டு தகரத்தை இழுத்து மூடின.

சிப்பாய் கடந்து போனான்.

“போய்ட்டான் மச்சான். கைய உள்ள எடுத்துக்கங்க,” என்றான் அங்கப்பன்.

விடிந்ததும் தகரத்தைப் புரட்டினான். உள்விளிம்பு நெடுக விரல் தடங்கள், பெரிதும் சிறிதுமாக. நாற்பது வரை எண்ணி நிறுத்திக்கொண்டான்.