முழுப் பொறுப்பு டாக்டருடையது

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பிராணிகள் மருத்துவமனைக்குள் உத்தமன் நுழைந்த வேகத்தில், வரிசையில் காத்திருந்த பொமரேனியன்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

"எங்கய்யா டாக்டர்? என் சுல்தானை என்ன பண்ணி வச்சிருக்காரு?"

சுல்தான் ஒரு புறா. உத்தமனுக்குச் சிவாஜிநகரில் துணிக்கடை இருந்தாலும், உயிர் மட்டும் பந்தயப் புறாவிடம்தான். காலையில் பறக்கவிட்டால் அந்திவரை வானத்திலேயே நின்று, சொந்த மாடியில் வந்து இறங்கும் புறாவுக்குத்தான் கோப்பை. போன வருஷம் சுல்தான் வாங்கியது. இந்த வருஷம் பட்டத்தின் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்துவிட, டாக்டர் நீல் ஆபரேஷன் செய்து தையல் போட்டிருந்தார்.

டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு சார். உள்ளதான் கொஞ்சம் சீழ் புடிச்சிருக்கு. எப்பவாவது அப்படி ஆகும்..."

"எப்பவாவது ஆகறது என் புறாவுக்கா ஆகணும்? என் கடைத் துணி சாயம் போச்சுன்னா, எப்பவாவது போகும்னு சொன்னா விடுவாங்களா? மூஞ்சியிலயே வீசுவாங்க! இன்னும் ரெண்டே மாசத்துல பந்தயம் டாக்டரே. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுத்துடுவேன்!"

"ஐயோ, கோர்ட்டெல்லாம் வேணாம் சார். மருந்து தரேன், வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க."

உத்தமன் சிரித்தார். பேரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எதிராளி எந்த இடத்தில் நழுவப் பார்க்கிறான் என்பது அவருக்கு மோப்பத்திலேயே தெரியும்.

"கெடுத்துட்டு என் தலையில கட்டப் பாக்கறீங்களா? அந்தக் கதையே வேணாம். முழுசா குணமாகற வரைக்கும் இங்கேயே வச்சு நீங்கதான் பாக்கணும். முழுப் பொறுப்பும் உங்களோடது."

"ரொம்ப நாள் ஆகும் சார். இறக்கையைக் கட்டியே வைக்கணும். கூண்டுல போட்டா ஏங்கிடும். மேல என் மாடியில விட்டு, கையால தீனி ஊட்டணும்..."

"ஊட்டுங்க! பாதாமை நெய்யில புரட்டி ஊட்டுங்க!"

டாக்டர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்.

"பாவம் மனுஷன், இப்படியா போட்டு மிரட்டறது?" என்று முணுமுணுத்தார் பொமரேனியனின் எஜமானி நோரா.

"மிரட்டலைன்னா வேலைக்காகாதும்மா," என்று மீசையைத் தடவிக்கொண்டே படியிறங்கினார் உத்தமன்.

பந்தயத்துக்கு முதல் நாள் சுல்தான் வீட்டுக்கு வந்தது. கழுத்தெல்லாம் மினுமினுப்பு. 'நாளைக்கு நேரா பந்தயத்துலயே பறக்க விடுங்க சார். அதுவரைக்கும் தையலுக்கு ரெஸ்ட்' என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர்.

மறுநாள் வெயில் சாயச் சாய மற்ற புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வானத்தில் மிச்சம் சுல்தான் மட்டும்தான். தெருவே கைதட்டியது. உத்தமன் மாடியில் தானியத்தை இறைத்து விசிலடித்தார்.

சுல்தான் அவர் தலைக்கு மேலே அழகாக ஒரு வட்டம் போட்டது. பிறகு நேராக ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் பறந்துபோனது.

இறங்கின மாடிக்காரருக்கே புறா சொந்தம் என்பது புறாக்காரர்களின் சட்டம். அப்பீல் கிடையாது. புறா கைவிட்டுப் போன அவமானத்தை எவனும் வெளியே மூச்சுவிடவும் மாட்டான். உத்தமன் ஸ்கூட்டரில் பறந்து, மருத்துவமனை மாடிப்படியில் தடதடவென்று ஏறினார். பாதிப் படியில்தான் அவருக்கு உறைத்தது: அடுத்தவன் புறாவைத் தன் மாடிக்குப் பழக்குகிறவன் முதலில் செய்வதே, இறக்கையைக் கட்டிவிட்டுக் கையால் தீனி ஊட்டுவதுதான்.

மேலே சுல்தான் தனியாக இல்லை. மஞ்சுநாத்தின் ராஜா, முனியப்பனின் மின்னல், தொம்மலூர் முகேஷின் வெள்ளைச்சி என்று ஊரிலிருந்த பழைய சாம்பியன்கள் அத்தனையும் கூடி மேய்ந்துகொண்டிருந்தன.

"எல்லாமே சீழ் கேஸுதான் சார்," என்றார் டாக்டர் நீல் பணிவாக. "எல்லாரும் உங்களை மாதிரியே மிரட்டித்தான் விட்டுட்டுப் போனாங்க."