ஓடு கரைக்கும் புகை

பூமியில் கொசுவின் வரலாறு தன் கையால்தான் முடியப்போகிறது என்று தெருத்தெருவாக நொதிப்புகை அடிக்கும் எபனேசர் மனதார நம்பினார். புகை பட்டால் பூச்சிகளின் ஓடு கரைந்துவிடும். மனிதருக்கு ஒன்றும் ஆகாது. எதிர்வீட்டு மைமூன் கதவிடுக்கில் ஈரத்துணி செருகுவதைப் பார்த்தால் கேலி செய்யாமல் விடமாட்டார்.

“என்னக்கா, நீங்க என்ன கரப்பான்பூச்சியா?”

எபனேசரின் மகள் ஜெசிந்தாவுக்கு இதய வால்வு மாற்றினார்கள்.

“இது எதுல செஞ்சது டாக்டர்?”

“இறால் ஓட்டுல. உடம்புக்கு நல்லா ஒத்துக்கும்.”

எபனேசர் புகை வாடை அடிக்கும் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். மகள் வீடு திரும்பிய அன்று விடுப்பு எடுத்தார். மாலையில், அவருக்குப் பதிலாக வந்தவரின் புகையடிக்கும் வண்டி தெருமுனையில் உறுமியது.

“ஏம்ப்பா இப்படி வேர்க்குது?”

“புழுக்கம்மா. நீ படு.”

வேட்டியை நனைத்துக் கதவிடுக்கில் செருகி, சத்தம் தெருவைக் கடக்கும்வரை காலால் அழுத்திக்கொண்டே நின்றார்.